எங்கே நிற்பது என்பதும் பயிற்சிதான்

ஆசிரியருக்கு,

வணக்கம். பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதிய உங்கள் வாசகர் ஒருவர், 'இத்தனை கேமரா இருக்கும்போது களத்தில் ஏழு நடுவர்கள் எதற்கு?' என்று கேட்டிருந்தார். கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பார்வை உண்டு. இருவர் ஆட்டம் தொடங்கும் கோட்டின் இரு முனைகளில் நிற்பார்கள். ஒருவர் தற்காப்பு அணிக்கும் பின்னால், வெகு ஆழத்தில். பறக்கும் பந்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால், அதைப் பிடிக்க ஓடுபவனின் கையை மடக்கியவனை யார் பார்ப்பது? அருகில் ஓடிப் போனால் மட்டும் போதாது. இரண்டு உடல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும் கோணம் வேண்டும். நேர் பின்னால் நின்றால் முதுகுதான் தெரியும்.

கேமராவையும் அந்த ஆட்டத்தை நடத்துபவர்கள் சோதித்துவிட்டார்கள். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில், பந்தைப் பிடிக்க ஓடியவனை இடித்துத் தடுத்த, ஊரே பார்த்த குறுக்கீட்டுக்கு, தவறு என்று காட்ட நடுவர் வீசும் கொடி விழவில்லை. அடுத்த பருவத்தில் அவ்வகைத் தீர்ப்புகளை கேமராப் பதிவு வழி மறுஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பருவத்தோடு கைவிட்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்த உரசலும் குற்றமாகத் தோன்றும்!

எங்கள் மலையில் மேகம் இறங்கினால் எதிர் கோல் கம்பமே மறைந்துவிடும். இளம் நடுவர்களுக்கு விதிப் புத்தகத்தோடு, எங்கே நிற்பது என்று மைதானத்தில் நடத்திக் காட்டும் ஒரு நாள் பயிற்சியையும் மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் தர வேண்டும். குன்னூரில் வைத்தாலும் உதகையில் வைத்தாலும் வருகிறேன்; பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி.