மழைநாளில் எந்த டிரெயில் சென்டர்?

அன்புள்ள குமரனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்: மழைநாளில் மவுண்டன் பைக் ஓட்ட எந்த டிரெயில் சென்டருக்கு, அதாவது சைக்கிளுக்கென்றே பாதை அமைத்த எந்தக் காட்டுக்குப் போவது என்று. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, ஐந்து பேர், பர்மிங்காமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், மழை பெய்தாலும் தள்ளிப்போடுவதில்லை. சரிதான். ஆனால் நீ அனுப்பிய பட்டியல் வெயில்காலப் பட்டியல். சிவப்பா கறுப்பா, எத்தனை கிலோமீட்டர், எந்த இறக்கத்துக்குப் பேர் அதிகம் என்று பார்த்து அடுக்கியிருக்கிறாய். அந்த நிறங்கள் பாதையின் கடினத்தைத்தான் சொல்லும், சேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மழைக்கு முதலில் பார்க்க வேண்டியது பாதைக்கு அடியில் இருக்கும் நிலம். அடுத்தது, பாதி வழியில் விட்டுவிட்டு இறங்க வழி இருக்கிறதா என்பது.

டால்பியை முதலில் வைத்திருக்கிறாய். 2010, 2011 இரண்டு வருடமும் கிராஸ்-கன்ட்ரி உலகக் கோப்பைப் பந்தயம் நடந்த காடு, கோடையில் அருமையான இடம். ஆனால் அங்கே மேட்டுப்பகுதி சுண்ணாம்புப் பாறை, சரிவுகளில் களிமண். களிமண் தண்ணீரைக் கீழே விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். கல் கொட்டிக் கெட்டித்த பகுதிகளில் கவலையில்லை. கல் தேய்ந்துபோன இடத்தில் சேறு டயரில் அப்பி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் வளைவிலும் பின்சக்கரத்துக்கு மேலும் அடைத்து, சக்கரமே சுழலாமல் நின்றுவிடும். சிவப்புப் பாதை முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரே சுற்று. வடக்கு யார்க்‌ஷயர் வரை மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் அந்தச் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டாம். மே மாதத்துக்கு வை.

கேனக் சேஸைக் கடைசியில் போட்டிருக்கிறாய், 'பக்கத்தில்தானே இருக்கிறது' என்று. எனக்கு அதுதான் முதலிடம். அந்தக் காடு முழுக்க டிரயாசிக் காலத்து ஆறுகள் கொண்டுவந்து குவித்த உருண்டைக் கூழாங்கல் படுகை. மழை விழுந்தால் சல்லடையில் ஊற்றியது போல் இறங்கிவிடும். ஒரு வாரம் பெய்த பிறகும் பாதையின் பெரும்பகுதி ஓட்டக்கூடியதாகவே இருக்கும். அங்கே 'பர்ச்சஸ் வேலி' என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினால் 'ஃபாலோ த டாக்' என்ற சுற்று சுமார் 11 கிலோமீட்டர், அதோடு 'மங்கி' சுற்றைச் சேர்த்தால் 24 சொச்சம். 2022 காமன்வெல்த் விளையாட்டுகளின் மவுண்டன் பைக் போட்டிக்கும் இதே காட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்காவது நடுக்கம் எடுத்தால் மங்கியை விட்டுவிட்டு ஃபாலோ த டாக்கை மட்டும் முடித்துக் காருக்குத் திரும்பலாம், மற்றவர்கள் மங்கிக்குப் போகலாம். இந்த வசதியின் அருமை நனைந்த பிறகுதான் தெரியும்.

அங்கே இரண்டு தொல்லை உண்டு. ஒன்று வேர்கள். நனைந்த பைன் வேரில் எந்த டயரும் பிடிக்காது. வேரைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக் தொடக்கூடாது, ஹேண்டில்பாரைத் திருப்பவும் கூடாது. வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இன்னொன்று அந்தக் கூழாங்கல் படுகையின் மணல். குவார்ட்ஸ் துகள் தண்ணீரோடு கலந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்குக்கும் அதை அழுத்தி நிறுத்தும் பிரேக் பேடுக்கும் நடுவில் உப்புத்தாள் போல் அரைத்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மழைநாள் ஓட்டங்களைக் கெடுப்பதில் முதல் ஆள் பிரேக் பேட்தான். பிசினால் இறுக்கிய ரெசின் பேட் காய்ந்த நாளில் மென்மையாகவும் சத்தமில்லாமலும் பிடிக்கும். மணல் கலந்த ஈரத்தில் புத்தம் புது ரெசின் பேடே ஒரு நாளில் தகடுவரை தேய்ந்துபோகக்கூடும். உலோகத்தூள் சேர்த்த சின்டர்டு பேட் பல மடங்கு தாங்கும். சற்று இரையும், முதல் சில மீட்டரில் பிடிப்பு குறைவாகத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் வாங்கும் முன் ஐந்து பேரும் தங்கள் டிஸ்க்கில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்க்கட்டும். விலை குறைந்த டிஸ்க் சிலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று போட்டிருக்கும். அவற்றில் சின்டர்டு போட்டால் டிஸ்க் வேகமாகத் தேயும். பேடின் தடிமன், பின்தகடு நீங்கலாக, 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். பழையதை எடுத்ததும், பேடைத் தள்ளும் பிஸ்டனைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கெடும். புதுப் பேடைக் காய்ந்த சாலையில் படிய வைக்க வேண்டும்: நடுத்தர வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டாமல் அழுத்தி, கிட்டத்தட்ட நிற்கும் வரை குறைப்பது, இப்படி இருபது தடவை. இதை வெள்ளிக்கிழமை மாலையே முடித்துவிடுங்கள். படியாத பேடை நேராகச் சேற்றுக்குள் கொண்டுபோனால் அது படியவே படியாது, தேய்ந்துதான் போகும். ஆளுக்கு ஒரு ஜோடி உபரி பையில் இருக்கட்டும். அடுத்தவனுடைய பேட் உன் காலிப்பரில், அதாவது பேடைப் பிடித்திருக்கும் பாகத்தில், சேராமல் போகலாம்.

அவான் உன் பட்டியலில் மூன்றாவது. நாள் முழுக்கக் கொட்டாது, விட்டுவிட்டுத் தூறல்தான் என்று முன்னறிவிப்பு வந்தால் அங்கே போகலாம். தெற்கு வேல்ஸின் மணற்கல் மலை, கல்லால் கட்டிய பாதை, தண்ணீர் நிற்காது. ஆனால் மலைமுகட்டில் போகும் 'ஸ்கைலைன்' சுற்றின் பக்கம் போகாதே. அந்த முகட்டில் பென் அ கமாய்த் காற்றாலை இருக்கிறது, 76 காற்றாடிகள். காற்றாலைக்காரர்கள் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்த இடத்தில் ஜனவரியில் ஈரச் சட்டையோடு உனக்கு என்ன வேலை? அதோடு 2010 முதல் வேல்ஸின் லார்ச் மரங்களில் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் நோய் பரவி, அந்தப் பள்ளத்தாக்கில் ஏராளமாக வெட்டித் தள்ளிவிட்டார்கள். முன்பு மர மறைவில் போன பாதைகள் பல இப்போது வெட்டவெளி. பழைய வரைபடத்தை நம்பி மறைவு இருக்கும் என்று நினைக்காதே.

அங்கே போனால் 'வால்' எனப்படும் சுற்றை எடு. சுமார் 24 கிலோமீட்டர், பள்ளத்தாக்கின் பக்கவாட்டுச் சரிவிலேயே போகும். கீழே பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். செயின் அறுந்தாலும், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலும், இறங்கி அந்தத் தடத்தில் மெதுவாகத் திரும்பிவிடலாம். வாலையும் 'வைட்ஸ் லெவல்' சுற்றையும் இணைக்கும் 'டபிள்யூ-டூ' சுமார் 44 கிலோமீட்டர். ஜனவரிக்கு அது பேராசை. மாத இறுதியில் அங்கே நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறையும், மரத்தடியில் அதற்கு அரைமணி முன்பே கண் தெரியாது. ஈரத்தில் வழக்கத்தைவிடக் கால்பங்கு நேரம் கூடுதலாகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு.

வடக்கு வேல்ஸின் கோய்ட் அ பிரெனின் காடு பற்றி ஒரு செய்தி, உனக்குத் தெரியுமோ என்னவோ. வருகையாளர் மையத்தின் உணவகத்தையும் கடையையும் 2025 மார்ச் இறுதியோடு மூடினார்கள். பாதைகள் இருக்கின்றன. பிரிட்டனில் மவுண்டன் பைக்குக்கென்றே பாதை அமைத்த முதல் டிரெயில் சென்டர் என்று பேர் வாங்கிய இடம், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாதை முழுக்கப் பாறையும் பலகைக்கல்லும் என்பதால் மழையால் மேற்பரப்பு அதிகம் மாறுவதில்லை. ஆனால் அது இருக்கும் எரேரி (ஸ்னோடோனியா) மலைகளின் மழை வேறு ரகம். நனைந்து திரும்பும்போது சூடாக ஒரு வாய் டீ கிடைக்கும் என்ற நினைப்பில் போகாதே, ஃபிளாஸ்க்கை நிரப்பி எடுத்துக்கொள். ஐந்து பேரில் புதியவர்கள் இருவர் என்கிறாய். அவர்களோடு நனைந்த பாறை இறக்கங்கள் வேண்டாம் என்பது என் எண்ணம்.

கிழக்கு இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு காட்டை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள். மேற்கிலிருந்து வரும் மழைமேகம் வேல்ஸ் மலைகளிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும், கிழக்கே போகப் போகக் குறையும். அந்தப் பகுதி இங்கிலாந்தின் வறண்ட பகுதிகளில் ஒன்று. சுண்ணாம்புக்கு மேல் மணல், தண்ணீர் தங்காது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும், ஆனால் மேற்கே நாடே மிதக்கும் நாளில் அங்கே ஓட்டலாம்.

டயர் பற்றிக் கேட்டாய். நீண்ட முள் வைத்த சேற்று டயர் வேண்டாம். அது ஆழ்ந்த மென்சேற்றுக்கு. கல் பாதையில் முள் மடங்கி வழுக்கும். 2.3 அல்லது 2.4 அங்குலம், இடைவெளி விட்ட நடுத்தர முள், முன்சக்கரத்துக்கு மென்ரப்பர். எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு டியூப்லெஸ்ஸில் காற்றழுத்தம் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்துப் பார். காய்ந்த நாளைவிட இரண்டு குறைத்தால் போதும், அதற்கும் கீழே போனால் ரிம் கல்லில் மோதும். உள்ளே துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் காய்ந்துபோயிருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதே. செயினுக்கு மழைக்கால எண்ணெயை முந்தின இரவே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு விட்டு, காலையில் வெளிப்புறத்தைத் துடைத்துவிடு. வெளியே மினுமினுக்கும் எண்ணெய் மணலைத்தான் சேர்க்கும்.

குளிர் தாக்குவது ஓட்டும்போது அல்ல, நிற்கும்போது. பஞ்சர் ஒட்டுவது ஒருவர் வேலை. மற்ற நால்வர் சுற்றி நின்று யோசனை சொல்ல வேண்டாம், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருக்கட்டும். உலர்ந்த கையுறை ஒரு ஜோடி தண்ணீர் புகாத பையில் அவசியம். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே விடுங்கள், ஓரத்தில் போகப் போகத்தான் பாதை அகன்று சேறாகிறது. முடிந்ததும் சைக்கிளைக் கழுவும்போது தண்ணீரைச் சக்கர நடுவின் ஹப்புக்கும் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் நேராகப் பீய்ச்சாதே, பேரிங்குக்குள் இறங்கிவிடும்.

வியாழன் மாலை பிரிட்டன் வானிலை நிறுவனமான மெட் ஆஃபீஸின் முன்னறிவிப்பில் மழையைவிடக் காற்றைக் கவனி. மணிக்கு 40 மைல் தாண்டும் வீச்சு என்றால் மரக்கிளை விழும் அபாயம், எந்தக் காடும் வேண்டாம். அந்தந்த வன நிர்வாகத்தின் பக்கத்தில் மரம் வெட்டும் பணிக்காக எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பதையும் பார். ஸ்காட்லாந்து யோசனை, அதாவது கிளென்ட்ரெஸ், எனக்கும் சம்மதமே. ஆனால் ஒரே நாளில் முடியாது, ஈஸ்டர் விடுமுறைக்குப் பேசுவோம். அதற்குள் ஐந்து சைக்கிளின் பிரேக் மாடல் பெயர்களையும் எழுதி அனுப்பு, எந்தப் பேட் சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செந்தில்