மாதிரிக் கப்பல்களுக்கும் குளக்கரையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ். நகரக் குளங்கள் சில தூர்வாரப்பட்டு, நடைபாதைகளும் இருக்கைகளும் அமைக்கப்பட்டு, மாலையில் மக்கள் கூடும் இடங்களாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அண்மையில் அத்தகைய குளமொன்றில் றிமோட்டால் இயங்கும் மாதிரிக் கப்பலை விடச் சென்ற எம்மையும் எம்முடன் வந்த மாணவர்களையும் காவலர் காரணம் எதுவும் கூறாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கொரு தெளிவான ஒழுங்கு வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பண்ணைக் கடலில் விடலாமே என்று சிலர் கேட்கின்றனர். உள்ளே நன்னீர் புகுந்தால் துடைத்து உலர்த்திப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உப்புநீர் புகுந்தாலோ மோட்டரின் முனைகளும் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் விரைவிலேயே பச்சை பூத்துப் பழுதாகிவிடும். மேலும், கப்பலைச் சிறிதாக்கிச் செய்கிறோமே தவிர அலையைச் சிறிதாக்க முடியாது. வள்ளக்காரர் பொருட்படுத்தாத அலை, முழ நீளக் கப்பலுக்குப் புயல்தான்.

குளத்திலும் தொல்லை இல்லாமலில்லை. எம்மிடம் திருத்த வரும் கப்பல்களிற் பலவற்றைக் கெடுத்தது பாசியே. கப்பலை உந்தும் சுழலியில் பாசி சுற்றி இறுகியதும், கரையில் நிற்பவர் அதனை அறியாமல் விசையைக் கூட்டுகிறார். சுழல முடியாத மோட்டர் வழமையைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்க, கட்டுப்பாட்டுச் சுற்று கருகிப்போகிறது. பற்றரியை அடுத்து ஒரு பியூஸ் இருந்தால் இழப்பு அந்தப் பியூஸோடு முடிந்திருக்கும். மலிவாக விற்கும் கப்பல்களில் அதை ஏனோ பொருத்துவதில்லை. சுழலித் தண்டு செல்லும் குழாயில் கிறீஸ் தீர்ந்துவிட்டால் அவ்வழியே நீர் ஏறும். இப்போதைய றிமோட்டுகளின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நீரை ஊடுருவிச் செல்லாது என்பதால், கப்பலிலுள்ள அன்ரெனாவும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்ற அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் மாதிரியை எம் மாணவர் ஒருவர் செய்துவருகிறார். பாய்மரங்கள் உயர்ந்த கப்பலாதலால், அடியில் எவ்வளவு ஈயம் வைத்தால் சரியாமல் நிமிரும் என்பதைக் கிணற்றடித் தொட்டியிலேயே பார்த்துக்கொண்டார். காற்றில் அது எவ்வாறு சாயும், சுக்கானைத் திருப்பினால் எவ்வளவு தூரத்தில் வளையும் என்பவற்றைத் தொட்டியில் அறிய முடியாது.

எனவே, குளங்களைப் பராமரிக்கும் சபைகள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத்தையும், பாசி அகற்றப்பட்ட ஒரு பக்கக் கரையையும் இதற்கென ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். எரிபொருள் எஞ்சின்களை முற்றாகத் தடைசெய்து, பற்றரியில் ஓடுபவற்றை மட்டும் அனுமதித்தால் போதும். தாமரைப் பக்கமும் பறவைகள் தங்கும் பக்கமும் கப்பல்கள் செல்லக் கூடாது. காவலரின் உண்மையான அச்சம் பிள்ளைகள் நீரில் இறங்கிவிடுவார்கள் என்பதாயின், அது நியாயமானதே. நடுக்குளத்தில் நின்றுவிட்ட கப்பலை எடுக்க எவரும் இறங்கத் தேவையில்லை. தூண்டில் நூலிற் கட்டிய பந்தைக் கப்பலுக்கு அப்பால் எறிந்து, நூல் அதிற் சிக்கும்படி மெல்ல இழுத்தாலே கரைக்கு வந்துவிடும். இந்நிபந்தனைகளை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் காவலருக்கும் எமக்கும் இடையில் வாக்குவாதத்துக்கு இடமிராது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.