தலைவர் பிறந்தநாளும் கொலைக் கைதியின் விடுதலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைவர்களின் பிறந்தநாள் நெருங்கும்போதெல்லாம் ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. கைதியின் தாயார் படும் பாட்டைப் பேசுகிறார்கள், சிறை நெரிசலைப் பேசுகிறார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் அந்த வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னவர் இப்போது ஊரில் எப்படி நடமாடுகிறார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடிய குற்றங்களுக்குத் தண்டனைக் குறைப்பில் கண்டிப்பான வரம்பு வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

சிறைக்குள் ‘ரெமிஷன்’, அதாவது தண்டனைக் குறைப்பு, என்பது சம்பாதிப்பது. ஒழுங்காக இருந்தால், கொடுத்த வேலையைச் செய்தால் இத்தனை நாள் என்று பதிவேட்டில் ஏறும். அந்த நாட்கள் தண்டனைக் காலத்தில் கழியும். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. திருட்டு, அடிதடி வழக்கில் உள்ளே போனவர் தறியிலோ அடுக்களையிலோ உழைத்துச் சில மாதம் முன்னால் வீடு திரும்பினால் அது அவர் குடும்பத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஆயுள் தண்டனை வேறு. பதினான்கு வருடம் முடிந்தால் வெளியே வந்துவிடலாம் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆயுள் தண்டனை வாழ்நாள் முழுமைக்குமானது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. பதினான்கு என்ற கணக்கு 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவில் வருகிறது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர், ரெமிஷன் எவ்வளவு சேர்த்திருந்தாலும், 14 ஆண்டு உள்ளே இருந்தே தீர வேண்டும் என்கிறது அது. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 475-வது பிரிவும் அதையே சொல்கிறது. அதாவது 14 ஆண்டு என்பது விடுதலை மனுவையே எடுத்துப் பார்ப்பதற்கான குறைந்தபட்சக் காலம். அது முடிந்ததும் கதவு தானாகத் திறக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

அந்த 14 ஆண்டு வேலியைத் தாண்ட அரசுகள் பயன்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 161-வது பிரிவு, அமைச்சரவை பரிந்துரைத்து ஆளுநர் கையெழுத்திடும் கருணை அதிகாரம். 2008-ல் அண்ணா நூற்றாண்டு விழாவுக்கு, ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் ஏறத்தாழ 1,400 பேர் ஒரே வீச்சில் விடுதலையானார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்குப் பத்து ஆண்டு என்று வைத்தார்கள். ஆட்சி மாறியது, கட்சி மாறியது, வழக்கம் மட்டும் மாறவில்லை. தண்டனை பெற்ற ஒருவரை, தனியாக அவர் வழக்கைப் படித்துப் பார்த்துக் காப்பாற்றுவதற்கான அதிகாரம் அது. அதை விழாக்காலத் தள்ளுபடி போல மொத்தமாக அள்ளி வழங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மேற்கே மலையடிவாரத்தில் நடந்த ஒரு கொலை வழக்கைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், வழித்தகராறில், விடியும் முன்னே ரப்பர் தோட்டத்தில் வைத்து வெட்டினார்கள். பார்த்தவர் ஒரே ஒருவர். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். அந்த வெளிச்சத்தில்தான் முகம் தெரிந்தது. குறுக்கு விசாரணை முழுக்க அந்த லைட்டைச் சுற்றியே நடந்தது. எத்தனை அடி தூரம், எத்தனை மரம் குறுக்கே, பேட்டரி புதுசா பழசா, தலையைத் திருப்பினால் வெளிச்சம் எந்தப் பக்கம் போகும் என்று விடாமல் கேட்டார்கள். மனுஷன் அசரவில்லை. விரல் நகங்களில் காய்ந்த பால் கறுத்து ஒட்டியிருக்க, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி சொன்னார். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் என்னிடம் வந்து, “அண்ணே, இனி அவன் வரமாட்டான்தானே?” என்றார். பக்கத்தில் நின்ற வக்கீல் ஒருவர், “ஆயுளுல்லா கொடுத்திருக்கு, நீ தைரியமாப் போ” என்று தோளில் தட்டி அனுப்பினார்.

2008 செப்டம்பரில் குற்றவாளி வீட்டுக்கு வந்துவிட்டார். செத்தவரின் மனைவிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. சாட்சிக்கும் வரவில்லை. காலையில் ஜங்ஷன் டீக்கடையில் அவர் நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும், வந்தவர் யாரையும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஆனால் இருட்டில் தனியே தோட்டத்துக்குப் போகிற தொழில் செய்கிறவருக்கு அது போதாதா? கொஞ்ச நாளில் அவர் குடும்பத்தோடு புனலூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அதே ஊரில் ஒரு வெட்டுக் குத்து வழக்கு வந்தபோது, பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ் சாட்சி ஆனார்கள். யாரைக் குறை சொல்வது?

பெரிய வழக்குகளிலும் இதே கதைதான். 2000 பிப்ரவரியில் தருமபுரியில் பஸ்ஸுக்குத் தீ வைத்து வேளாண் கல்லூரி மாணவியர் மூவரைக் கொன்ற வழக்கில், தூக்கு ஆயுளாகக் குறைந்தது, பின் 2018 நவம்பரில் குற்றவாளிகள் மூவரும் விடுதலை. 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்ற வழக்கில், சிலர் 2008-லேயே வெளியே வந்தார்கள், மேலும் 13 பேர் 2019 நவம்பரில் வந்தார்கள். ஓட்டில் ஜெயித்துப் பதவிக்கு வந்த ஒரு தலித் தலைவரைச் சாதிக்காகக் கொன்றதும், குடிபோதையில் கைகலப்பில் நடந்த ஒரு கொலையும் ஒரே அரசாணையில் ஒரே தராசில் நிறுக்கப்படுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் பாருங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி, கஞ்சா கடத்தித் தண்டனை பெற்றவருக்கு ரெமிஷன் கிடையாது. ஆக, குற்றத்தின் கனத்தைப் பார்த்துக் குறைப்பை மறுப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. கஞ்சாவுக்கு முடிகிறது, குழந்தையைச் சீரழித்தவனுக்கு ஏன் முடியாது? 2020-ல் நம் நாகர்கோவிலையே உலுக்கிய, பெண்கள் பலரை ஏமாற்றி மிரட்டிய வழக்கில், 2023 ஜூனில் இங்குள்ள மகளிர் நீதிமன்றம் ‘சாகும் வரை ஆயுள்’ என்று தீர்ப்பளித்தது. பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தை விழுங்கிக்கொண்டு புகார் கொடுக்க முன்வந்த பெண்கள் அந்த வார்த்தையை நம்புகிறார்கள். வருங்காலத்தில் ஏதோ ஒரு நூற்றாண்டு விழா அதைக் கரைத்துவிடக் கூடாது.

பாதிக்கப்பட்டவரைக் கேட்பதில் சட்டத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. புதிய சட்டப்படி, புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அரசு ஒரு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. ஆனால் தண்டனையைக் குறைக்கும்போது? தீர்ப்பளித்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம் என்று 473-வது பிரிவு சொல்கிறது, குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கருணை அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் சமூகத்தையும் அது எப்படிப் பாதிக்கும் என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளான பில்கிஸ் பானுவின் வழக்கில் 2022 சுதந்திர தினத்தன்று விடுதலையான 11 பேரை, 2024 ஜனவரி 8-ஆம் தேதி அதே நீதிமன்றம்தான் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. அதற்கு அந்தப் பெண்மணியே மறுபடி டெல்லி வரை போய் வழக்காட வேண்டியிருந்தது. நம்மூர் முந்திரி ஆலையில் கூலி வேலை பார்க்கும் ஒரு விதவைக்கு அது நடக்கிற காரியமா?

அந்தத் தீர்ப்பில் எல்லையோரத்தில் வாழும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குற்றம் எங்கே நடந்தது என்பதல்ல, தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த அரசுக்குத்தான் விடுவிக்கும் அதிகாரம். நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தண்டித்த ஒருவர் பற்றித் திருவனந்தபுரம் முடிவெடுக்கும், செத்தவர் வீடு மார்த்தாண்டத்தில் இருந்தாலும். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு யார் தகவல் சொல்வது?

நெரிசலைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்ட ஆளில்லாமல் கிடக்கும் ஏழைகள் அவர்களில் எத்தனையோ பேர். முதலில் அவர்களுக்குக் கதவைத் திறவுங்கள். நம்பிக்கையே இல்லாத கைதி திருந்த மாட்டான் என்பதையும் நான் மறுக்கவில்லை. 14 ஆண்டு கழித்து, வயது, உடல்நிலை, நடத்தை எல்லாம் பார்த்து, ஒவ்வொருவராக ஆராய்ந்து விடுவிக்கட்டும். நோயில் படுத்துவிட்ட முதியவரை அதற்கு முன்பே அனுப்பினாலும் நான் எதிர்க்க மாட்டேன். கொலை, பாலியல் வன்முறை, சாதிக் கொலை ஆகியவற்றுக்கு விழாக்காலப் பொது விடுதலை கூடாது, 161-ஐக் காட்டி 14 ஆண்டு வேலியைத் தாண்டக் கூடாது, குடும்பத்தையும் முக்கிய சாட்சிகளையும் கேட்காமல் கோப்பு நகரக் கூடாது, விடுவித்தால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஒருவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, அந்தந்தக் காவல் நிலையம் வழியாகக் குடும்பத்துக்கும் சாட்சிக்கும் எழுத்து மூலம் தகவல் போக வேண்டும் என்று உள்துறை ஓர் அரசாணை போட்டால் போதும். நம் மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும், கட்சி பார்க்காமல், காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்ப வேண்டுமென்று தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)