காய்ச்சலுக்குப் ‘பவர் கூடிய’ மருந்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவப் பக்கத்தில், “சாதாரண அன்ரிபயோட்டிக்குக்கு மூன்று நாளிற் காய்ச்சல் அடங்காவிட்டால் பவர் கூடிய ஒன்றுக்கு மாறிக்கொள்ளலாம்” என்று அச்சாகியிருந்த வரியை வாசித்த பின்னர் மிகுதியை என்னால் வாசிக்க முடியவில்லை. 31 வருடங்கள் மருத்துவ விடுதிகளில் தாதியாகக் கடமையாற்றியவள் என்ற முறையிலும், அந்த வரியை நம்பிய ஒருவனை எங்கள் வீட்டிலேயே பார்த்தவள் என்ற முறையிலும் இதனை எழுதுகின்றேன்.

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எத்தனை வகைக் காய்ச்சல் வரும் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. டெங்கு வைரசால் வருவது. அதற்கு எந்த அன்ரிபயோட்டிக்கும் வேலை செய்யாது. நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்), எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் பற்றீரியாவால் வருபவை. முதல் நாலைந்து நாள் நான்கும் தலையிடி, உடல் உழைவு, நடுக்கம் என்று ஒரே மாதிரித்தான் இருக்கும். அமொக்சிசிலின், செஃப்ரியாக்சோன் போன்றவை பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டவிடாமல் அதனைக் கொல்லும் மருந்துகள். உண்ணிக்காய்ச்சற் கிருமியோ எங்கள் உடற்கலங்களுக்குள் புகுந்திருந்து பெருகுவது. அந்த மருந்துகள் என்ன விலை விற்றாலும் அதனை அசைக்கமாட்டா. கலத்துக்குள் சென்று கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் டொக்சிசைக்கிளின் என்ற பழைய, மலிவான குளிசைதான் அதற்கு வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபுரன்ரோயின் சிறுநீரிலேதான் செறியும். நெஞ்சிலுள்ள தொற்றுக்கு அது உதவாது. இவற்றில் எதனைப் பவர் கூடியது என்றும் எதனைக் குறைந்தது என்றும் தங்கள் கட்டுரையாளர் வரிசைப்படுத்துவார்?

என் தம்பி வெங்காயத் தோட்டக்காரன். ஒரு மார்கழி மாதம் தோட்டத்து எல்லைப் பற்றையை வெட்டி இரண்டு கிழமையாகுமுன் காய்ச்சல் கண்டது. நான் அப்போது கொழும்பில் மகளோடு இருந்தேன். ஊரிலுள்ள மருந்துக்கடையொன்றில் வைத்தியர் எழுதிய துண்டும் கேளாமல், பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேளாமல், பெனிசிலின் இனத்து அமொக்சிசிலின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், “இது பவர் காணாது” என்று சொல்லி அதே இனத்துக் கோ-அமொக்சிகிளாவ் கொடுத்தார்கள். எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இளம் வைத்தியர் ஒருவர் அவனுடைய சாரத்தைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றை ஒதுக்கிப் பார்த்தார். கயிற்றின் கீழே சுருட்டு நெருப்புச் சுட்டு ஆறியது போல ஒரு கறுத்தப் பொருக்கு இருந்தது. உண்ணி கடித்த அடையாளம் அது. நோகவுமில்லை, அரிக்கவுமில்லை. ஆகையால் அவனுக்கே தெரியாது. அன்று பின்னேரம் டொக்சிசைக்கிளின் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் நெஞ்சு தேறி அவன் வீடு வர மூன்று கிழமை சென்றது.

கடைக்காரரை மட்டும் குற்றஞ் சொல்லி நான் என்ன செய்ய? துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக் கூடாதென்று சட்டம் இருக்கின்றது, விற்பதும் நடக்கின்றது. கடையில் வாங்கிய நாலு குளிசையைப் போட்டுவிட்டு வருபவரின் இரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் பல வேளைகளில் கிருமி வளராது. பிறகு எந்த மருந்து பிடிக்கும் என்று எப்படி அறிவது? மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த நாட்டில், மருந்தின் பொதுப்பெயர் கூட எழுதாமல் “காலை 1, இரவு 1” என்று மட்டும் கிறுக்கிய சிறு உறைகளோடு எத்தனை பேர் என் விடுதிக்கு வந்தார்கள்! என்ன குடித்தீர்கள் என்று கேட்டால் “சிவப்பும் மஞ்சளும்” என்பார்கள். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களைக் கொண்டுபோனபோது தாங்களும் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் தலைப்பிட்டீர்கள். வயலில் இறங்குபவருக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் வழங்கப்பட்ட செய்தி உட்பக்கத்தின் மூலையிற் கிடந்தது. மிச்சம் வைத்த பாணி மருந்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் பற்றி நான் முன்னர் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக்கி, ‘ஒரு தாதியின் ஆதங்கம்’ என்று போட்டிருந்தீர்கள். நான் எழுதியது ஆதங்கமன்று ஐயா, என் வேலையிற் கண்டது.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. வருகின்ற ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வரி பிழையென்று சொல்லி இவ்வளவையும் போடுங்கள்: காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் கடையில் மருந்து மாற்றாமல் வைத்தியரிடம் செல்லவும், மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ அதற்கு முன்னரே செல்லவும், வயலுக்கோ பற்றைக்கோ போனதைச் சொல்லவும், அக்குள், அரை, தொடை இடுக்கில் கறுத்தப் பொருக்கு உண்டா என்று பார்க்கவும், ஏற்கெனவே குடித்த குளிசையின் அட்டையைக் கொண்டு செல்லவும்.

இடம் போதாதென்றால் என் தம்பியின் கதையை வெட்டுங்கள். அந்த வரிகளை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உரும்பிராய்.