பொங்கல் வாழ்த்து வேண்டாம், பதில் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் நான் போடும் இன்சுலின் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை, கடைக்காரர் 'கம்பெனியிலிருந்தே வரலைம்மா' என்று கையை விரித்துவிட்டார். சரி, கம்பெனியையே கேட்போம் என்று அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போனால் பொங்கல் வாழ்த்து, யோகா தின வாழ்த்து, சிரித்தபடி வாக்கிங் போகும் ஒரு தம்பதி. சரக்கு எப்போது வரும் என்று எழுதினேன். 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்று பதில் வந்தது. மறுநாள் பார்த்தால் என் கேள்வியையே காணோம்.

சர்க்கரை நோய் உட்படப் பல நோய்களுக்கான மருந்து விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நல்லதுதான் (லேகியக்காரர்கள் மட்டும் எப்படித் தப்பிக்கிறார்களோ!). ஆனால் நான் விளம்பரமா கேட்டேன்? மருந்து எங்கே கிடைக்கும், கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் அந்த மருந்தை எத்தனை நாள் வெளியில் வைக்கலாம், விலை ஏன் மாறியது, இவ்வளவுதான். கேள்வி என்றாலே இவர்களுக்கு ஆகாதுபோல: 2011-இல் மருந்துக் கம்பெனிகளின் பக்கங்களிலும் கருத்துப் பகுதியைத் திறந்து வைக்கச் சொன்னது ஃபேஸ்புக், உடனே சில கம்பெனிகள் பக்கத்தையே மூடிவிட்டன.

பக்கவிளைவு இருந்தால் நோயாளியே 1800-180-3024 என்ற அரசின் இலவச எண்ணில் சொல்லலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? வாழ்த்துப் படத்துக்குப் பதில் அந்த எண்ணையாவது மேலே போடட்டும். அப்புறம், கேள்வியை அழிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்