கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கேமரா: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகளை ஒட்டி இருக்கிறது எங்கள் கண்ணகி நகர். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடிவைத்த இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை கேட்டுப் போகிற பிள்ளைகள் இந்த விலாசத்தை எழுதத் தயங்குகிறார்கள். "கண்ணகி நகரா? சரி, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள், அதற்குப் பிறகு போன் வராது.

செய்தியில் எங்கள் ஏரியா பெயர் வந்தால் பெரும்பாலும் போலீஸ் செய்திதான். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் எங்கள் கார்த்திகா கபடியில் தங்கம் வென்று வந்தபோது டிவிக்காரர்கள் நல்ல காரணத்துக்காக வந்தார்கள். எப்போதாவது ஒருமுறை அப்படி நடக்கிறது.

நம் கதையை நாமே எடுத்தால் என்ன என்றுதான் இந்த ஊடகப் பயிற்சியைத் தொடங்கினோம். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஹவுஸ்கீப்பிங்குக்கும் டெலிவரிக்கும் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். பேட்டி எடுப்பது, ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் உண்டு. இதில் ஒலிப்பதிவுதான் பெரும்பாடு. கீழே தண்ணீர் மோட்டார் ஓடும், பக்கத்து வீட்டில் சீரியல் அலறும். ஒரு பாட்டியின் பேட்டிக்காக ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மோட்டார் நிற்கிறவரை உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசையை இடித்த அன்று மற்ற சாமானையெல்லாம் விட்டுவிட்டுத் தையல் மெஷினை மட்டும் லாரியில் ஏற்றிய கதையைப் பாட்டி சொன்னார். எந்த நிருபரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டவள் எதிர் பிளாக் பெண்.

"சமுதாய வானொலி தொடங்கலாமே" என்கிறார்கள் சிலர்; அந்தந்தப் பகுதி மக்களுக்காக நடக்கும் சின்ன வானொலி அது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று தொடங்கியது; 2006இல் தொண்டு நிறுவனங்களும் நடத்த அரசு வழிவிட்டது. பாம்பனில் மீனவ மக்களுக்காக 'கடல் ஓசை' ஒலிக்கிறது. எங்களுக்கும் ஆசைதான். ஆனால் உரிமம், டவர், டிரான்ஸ்மிட்டர் என்று இறங்கும் முன் பிள்ளைகள் கையில் நாலு காசு பார்க்க வேண்டும்.

அதற்காகவே ஆர்டர் பிடிக்கிறோம்: காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, துரைப்பாக்கம் கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரம். வேலை வருகிறது, லாபம்தான் நிற்பதில்லை. ரூ.6,000-க்கு ஒரு விசேஷம் ஒப்புக்கொண்டால் கேமரா, லென்ஸ், லைட் வாடகைக்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது. மீதியை மூன்று பேர் பிரித்துக்கொண்டு போனால், "இதுக்கு ஆபீஸ் கூட்டற வேலையே மேல்" என்கிறார்கள் அம்மாக்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை.

ஆகவே வாடகையை ஒழிக்கப் பணம் கேட்கிறோம். நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று, இரண்டு லென்ஸ், காலர் மைக், லைட், எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர்; எல்லாம் சேர்த்து ரூ.3,60,000. இங்குள்ள குடும்பங்களே பத்தும் இருபதுமாகப் போட்டு ரூ.42,000 சேர்த்திருக்கிறார்கள். பொருள் வந்தபின் ஒவ்வொரு ஆர்டரிலும் 70 சதவீதம் உழைத்தவர்களுக்கு, 20 ரிப்பேருக்கு, 10 அடுத்த பேட்ச் பயிற்சிக்கு. பயிற்சியை நடத்தும் எங்கள் குழுவுக்கு அதில் பங்கு கிடையாது.

முன்கூட்டியே இரண்டு விஷயம். நன்கொடை தருகிறவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு எங்களிடம் இல்லை. ரசீது மட்டும்தான் தர முடியும். வெளிநாட்டு நன்கொடை பெறத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும் இல்லை என்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்களின் பணத்தைப் பெற முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வங்கிக் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம். வரவு செலவு நோட்டு ஞாயிறுதோறும் பயிற்சி நடக்கும் இடத்தில் மேசை மேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பணம் தர இயலாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், அட்வான்ஸோடு. பழைய லேப்டாப் தருகிறவர்கள் தயவுசெய்து சார்ஜரையும் சேர்த்தே தாருங்கள்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர், கண்ணகி நகர்