முதல் இரண்டு வாரம் வீட்டார் ஒருவர் உடனிருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை முடிந்து அங்கன்வாடி மையங்களுக்குப் புதிய குழந்தைகள் வரத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் பிடிக்கிறது. குல்லாவும் ஸ்வெட்டருமாக மழையில் நடத்தி வரப்படும் இரண்டரை வயதுக் குழந்தையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு தாயைத் திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் நம் மையங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. "ரெண்டு நாள் அழுவான், அப்புறம் சரியாயிடும்" என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். கோத்தகிரி வட்டாரத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுகை ஓய்ந்த பிறகும் தோளில் மாட்டிய பையைக் கழற்ற விடாமல், கதவோரமாகவே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி ஒரு வாய்கூட உண்ணாமல் இருக்கும் குழந்தைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அவர்களுக்கும் வருகை விழுந்துவிடும்.

குழந்தை விளையாட்டில் கவனமாக இருக்கும்போது தாய் சொல்லாமல் நழுவிவிடுவது இன்னும் கெடுதல். மறுநாள் அது விளையாடவே போகாது. தாயின் முந்தானையை விடாது. "சாயங்காலம் வருவேன்" என்பதும் அந்த வயதுக்குப் பிடிபடாது. "சோறு தின்னு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்றால் பிடிபடும், சொன்னபடி வந்தும் நிற்க வேண்டும். வெளியே போனால் கரடி பிடித்துக்கொள்ளும் என்று மிரட்டி உட்கார வைப்பவர்களும் உண்டு. கரடி நிஜமாகவே ஊருக்குள் நடமாடும் கோத்தகிரியில் இதை விளையாட்டுப் பேச்சாக எந்தக் குழந்தை எடுத்துக்கொள்ளும்?

ஆகவே என் கோரிக்கை இதுதான்: முதல் இரண்டு வாரம் தாயோ பாட்டியோ வீட்டார் ஒருவர் மையத்தில் குழந்தையுடன் இருக்க அனுமதிப்பதோடு நில்லாமல், அதையே நடைமுறையாக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, சோறு, தூக்கம் வரை கொண்டுபோகலாம். புதியவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்காமல் மூன்று நான்கு பேராகச் சேர்த்தால், ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் மட்டுமே உள்ள மையத்தில் ஒருவரின் அழுகை எல்லோரையும் தொற்றிக்கொள்ளாது.

இதில் உள்ள பெரிய இடைஞ்சல் கூலிதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, தாமதமாகப் போனால் அன்றைய சம்பளத்தில் கை வைப்பார்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. மகப்பேறு நலன் தொடர்பான சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டத் தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. அதைத் தாண்டிய குழந்தை முதன்முதலாக மையத்துக்குப் போகும் நாட்களில் தாய்க்கு எந்தச் சலுகையும் இல்லை. அந்த இரண்டு வாரம் மட்டும் கூலிப் பிடித்தம் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதிக்கும்படி தோட்ட நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் மாவட்ட நிர்வாகம் அழைத்துப் பேச வேண்டும். பசுந்தேயிலை மிகுதியாக வரும் பருவம் என்று நிர்வாகம் தயங்கலாம். பிள்ளை நினைப்பிலேயே நிற்பவள் எவ்வளவு பறித்துவிடப் போகிறாள்?

கூடலூர், பந்தலூர் பக்கம் இந்தத் தேவை இன்னும் அதிகம். அங்கே பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர் வீட்டுக் குழந்தைகள் பேசும் மொழி டீச்சருக்குப் புரிவது அரிது. ஒன்றுக்கு வருகிறது என்று தன் மொழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, யாருக்கும் விளங்காமல், கால்சட்டை நனைந்து, அதற்கும் திட்டு வாங்கும் குழந்தை அடுத்த நாள் வருமா? ஜூன், ஜூலை மழையில் மாற்றுத் துணியும் எளிதில் காயாது. குழந்தைப் பருவக் கல்விக்கான 2013-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை தாய்மொழியையே முதன்மையாகக் கொள்ளச் சொல்கிறது. அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே ஆயாக்களை நியமிப்பது நல்லது. அதுவரை, உடன் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடமிருந்து டீச்சரும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளலாம்.

மழை விடுமுறைக்குப் பின் திரும்பும் குழந்தை பெரும்பாலும் முதலிலிருந்து அழத் தொடங்கும் என்பதால், இரண்டு வாரம் என்பதைக் காலண்டரைப் பார்த்துக் கணக்கிடாமல், மையம் திறந்திருந்த நாட்களை வைத்தே கணக்கிட வேண்டும். அந்த நாட்களில் பணியாளர்களைக் கூட்டங்களுக்கு அழைப்பதையும், சிக்னல் கிடைக்காத ஊரில் அங்கன்வாடி விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் உடனே பதிவேற்றச் சொல்லி நெருக்குவதையும் துறை அதிகாரிகள் தள்ளிவைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.